கேள்விகளுக்குப் பதில் எழுதும் வேலை

சென்னையிலுள்ள ஒரு வெளிநாட்டுத் துணைத் தூதரகத்தின் செய்திப் பிரிவில், அந்த நாட்டின் சமூக ஊடகப் பக்கங்களுக்குத் தமிழில் பதிவுகள் எழுதும் பணியில் இருக்கிறேன். பிற நாட்டு மக்களோடு நேரடியாகப் பேச வேண்டும் என்ற ஆசை அரசுகளுக்குப் புதிதன்று. சீன வானொலி 1963 முதல் தமிழில் ஒலிபரப்பியது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூட அதற்கு நேயர் மன்றங்கள் இருந்தன. பெய்ஜிங்குக்குக் கடிதம் எழுதிய நேயர் தம் கடிதம் ஒலிபரப்பில் வாசிக்கப்படுவதற்காகக் காத்திருந்தார். இன்று கேள்வி நொடியில் வந்துவிடுகிறது. பதில்தான் பெரும்பாலும் போவதில்லை.

அந்த நாட்டின் தலைநகரிலிருந்து எங்களுக்கு வருபவை அழகிய காணொளிகள்: பல்கலைக்கழக வளாகங்கள், அருங்காட்சியகங்கள், அமைச்சரின் உரைத் துணுக்குகள். பொங்கல் வாழ்த்துப் பதிவுக்கு விருப்பக்குறிகள் குவியும். ஆனால் எந்தப் பதிவானாலும் அதன் கீழே வருவது ஒரே வகைக் கேள்விதான்: "சார், என் மகளுக்குச் சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டது, விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்கவில்லை, என்ன செய்வது?" இவற்றைப் பதிவோடு தொடர்பில்லாதவை என்று ஒதுக்கிவிட்டு, விருப்பக்குறிகளை மட்டும் எண்ணி மாத அறிக்கை அனுப்பும் வழக்கம் இந்தத் துறையில் வேரூன்றியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தத் தந்தை அந்த நாட்டைப் பற்றி என்ன நினைக்கப்போகிறார் என்பதை அருங்காட்சியகக் காணொளி முடிவு செய்யப்போவதில்லை. அவருக்குக் கிடைக்கும் பதிலோ, பதிலின்மையோதான் முடிவு செய்யும்.

இதை நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், இத்துறையில் எனக்குத் தெரிந்தவற்றுள் மிக ஆழமாகப் பாதிப்பு ஏற்படுத்திய முயற்சியில் விளம்பர வாசகம் ஒன்றுகூட இல்லை என்பதுதான். பெய்ஜிங்கிலுள்ள அமெரிக்கத் தூதரகம் 2008இல் தன் கட்டடக் கூரையில் ஒரு காற்றுத்தர அளவியைப் பொருத்தி, பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்களின் அளவை ட்விட்டரில் மணிக்கொரு முறை தானாகவே வெளியிடச் செய்தது. அதன் முதல் நோக்கம் தூதரக ஊழியர்களின் உடல்நலம்தான். 2009இல் சீனாவில் ட்விட்டர் முடக்கப்பட்ட பிறகும் அந்த எண்கள் பிறர் உருவாக்கிய செயலிகளின் வழியாக மக்களின் கைப்பேசிகளை எட்டின. பிள்ளைகளை இன்று வெளியே விளையாட விடலாமா என்று முடிவு செய்யப் பெற்றோருக்கு அவை தேவைப்பட்டன. 2012 ஜூனில், சீனச் சுற்றுச்சூழல் துறைத் துணை அமைச்சர் வூ சியாவ்சிங், வெளிநாட்டுத் தூதரகங்கள் இவ்வாறு வெளியிடுவது தூதரக உறவுகளுக்கான வியன்னா உடன்படிக்கைக்குப் புறம்பானது என்று கண்டித்தார். ஆயினும் 2013 ஜனவரியில் சீன அரசே 74 நகரங்களின் நுண்துகள் அளவுகளை வெளியிடத் தொடங்கியது. அதற்குத் தூதரகம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். சீன மக்களிடையே எழுந்த கோரிக்கையே பெரிய காரணம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் கையில் இருந்ததால்தான் அந்தக் கோரிக்கைக்குப் பிடிமானம் கிடைத்தது.

பின்னர் சென்னை அண்ணா சாலையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் உட்படப் பல நகரங்களில் இத்தகைய அளவிகள் இயங்கின. 2025 மார்ச்சில், நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, அந்தத் தரவுகளைப் பொதுமக்களுக்குத் தருவதை அமெரிக்கா நிறுத்திக்கொண்டது. பல ஆண்டுகள் சேர்த்த நம்பிக்கையை இவ்வளவு எளிதாகக் கைவிட்டது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது.

மக்கள் தங்கள் தேவையோடுதான் வருவார்கள் என்பதற்கு இன்னொரு சான்று 2024 பிப்ரவரியில் கிடைத்தது. அதே பெய்ஜிங் தூதரகம் சீனச் சமூக ஊடகமான வெய்போவில் ஒட்டகச்சிவிங்கிப் பாதுகாப்பைப் பற்றி ஒரு பதிவிட்டது. பங்குச்சந்தைச் சரிவால் பணத்தை இழந்த சீன முதலீட்டாளர்கள், தங்கள் குறையைச் சொல்ல வேறு இடமின்றி அதன் கீழே திரண்டார்கள்; பின்னூட்டங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின.

இந்தியாவும் இதை அறியாத நாடன்று. வெளியுறவு அமைச்சகம் 2010இலேயே ட்விட்டரில் கணக்குத் தொடங்கியது. ஆனால் பிற நாட்டவர் மனத்தில் பதிந்தது, 2017இல் பாகிஸ்தான் நோயாளிகள் மருத்துவ விசா கேட்டு எழுதியபோது அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் நேரடியாகப் பதில் அளித்ததுதான். இரு நாடுகளின் உறவு மிகக் கசந்திருந்த காலம் அது.

அமைச்சருக்கு இருந்த அதிகாரம் எங்களைப் போன்றோருக்கு இல்லை. ஒருவரின் விண்ணப்பத்தைப் பற்றிப் பொதுவெளியில் பேசவும் கூடாது. ஆனால் எந்தச் சான்றிதழ் தேவை, கட்டணத்தை எங்கே செலுத்த வேண்டும், நேர்காணல் தேதி வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகரிடம் ஏன் பணம் கொடுக்கக் கூடாது என்பவற்றைத் தெளிவான தமிழில் எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை. எங்கள் பிரிவில் இப்போது காலை நேரம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம். அடிக்கடி வரும் கேள்விகளைத் தொகுத்து வாரந்தோறும் விசா பிரிவுக்கு அனுப்புகிறோம். விருப்பக்குறிகளின் எண்ணிக்கையோடு, பதில் பெறாத கேள்விகளின் எண்ணிக்கையும் மாத அறிக்கையில் இடம்பெற வேண்டும் என்று தலைநகருக்கு எழுதியிருக்கிறேன்.