பத்து நம்பர் நட்டும் மூன்று ஸ்பேனர்களும்

வண்டி 2007 மாடல் மாருதி 800. அப்பா வாங்கியது. வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், சில்வர் பீச்சுக்கு நடந்தே போகிற தூரம். கீழே சொல்லப்போகிற எல்லாச் சிக்கலுக்கும் இந்த இரண்டும்தான் காரணம். உப்புக் காற்று வண்டியின் மேல்பூச்சைத் தொட நாளாகும். அடியில் இருக்கிற இரும்பை ஒரு மழைக்காலத்திலேயே தின்றுவிடும். போதாததற்கு 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது, அதை ஒட்டித் தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் தெருவில் தேங்கிய தண்ணீரில் வண்டி சக்கரம் பாதி மூழ்கி இரண்டு நாள் நின்றது.

அப்போது எஞ்சினைப் பற்றித்தான் பயந்தேன். பிரேக் பக்கம் நினைப்பே போகவில்லை.

சில மாதம் கழித்து பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைய ஆரம்பித்தது. நிரப்பினால் பத்து நாளில் மறுபடி குறைந்தது. குனிந்து பார்த்தால் பின் இடது டயரின் உள்பக்கம் ஈரம். தொட்டு மோந்து பார்த்தேன். எஞ்சின் ஆயில் வாடை இல்லை. பிரேக் ஆயில்தான். பெடலை மிதித்தால் சக்கரத்துக்குள் பிரேக்கை அழுத்துகிற வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. ஞாயிற்றுக்கிழமை வேலையாக நானே செய்துவிடலாம் என்று இறங்கினேன். ஐந்து வருடமாக இந்த வண்டியில் ஆயில் மாற்றுவது, பிளக் மாற்றுவது, முன் பிரேக் பேட் மாற்றுவது எல்லாம் என் கையால்தான் நடக்கிறது.

முதல் ஞாயிறு

முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கம் ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விட வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். டிரம்மைக் கழற்ற ஒரு மணி நேரம் ஆனது. உள்ளே, டிரம்மை உரசி நிறுத்துகிற லைனர் முழுக்க நனைந்து கிடந்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகர்த்தினேன். காபி டிகாஷன் நிறத்தில் ஆயில் வழிந்தது. உள்சுவரில் துருக்குழி. இந்த நிலையில் ரப்பர் கிட் மட்டும் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

வேலை தடைப்பட்டது சிலிண்டரின் பின்னால். அங்கே பிரேக் பைப் வந்து நுழைகிற இடத்தில் ஒரு சின்ன நட்டு இருக்கிறது. பத்து நம்பர், அதாவது பத்து மில்லிமீட்டர். என் தபாரியா கம்பெனி ஸ்பேனர் செட்டில் இருந்த சாதாரண வாய் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினேன். ஒரு நொடி பிடித்தது, அப்புறம் வழுக்கியது. நட்டின் ஒரு முனையில் பளபளப்பாக ஒரு கீறல். கையை எடுத்துவிட்டேன்.

இந்த நட்டு ஏன் இப்படி என்று அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. சாதாரண நட்டு போல்ட் என்றால் நடுவில் கெட்டியான இரும்பு இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். இதன் நடுவில் பைப் போகிறது, அதனால் உள்ளே ஓட்டை. சுவர் மெல்லியது, இரும்பும் மிருதுவானது. வாய் ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டும் பிடிக்கும். மொத்த பலமும் எதிரெதிரான இரண்டு முனைகளில் போய் விழும். ரிங் ஸ்பேனர் ஆறு முனையையும் பிடிக்கும், ஆனால் குறுக்கே பைப் ஓடுவதால் அதை உள்ளே நுழைக்க முடியாது. அதற்காகத்தான் பக்கவாட்டில் ஒரு வெட்டு விட்ட ரிங் ஸ்பேனர் செய்கிறார்கள். ஃபிளேர் நட் ஸ்பேனர் என்று பெயர். வெட்டு வழியாகப் பைப்பை விட்டு நட்டின் மேல் இறக்கினால் ஆறில் ஐந்து முனை பிடிக்கும்.

சரி, அதை வாங்குவோம்.

இரண்டாவது ஞாயிறு

சனிக்கிழமை புதுச்சேரியில் ஒரு வேலை இருந்தது. அங்கே ஒரு கருவிக் கடையில் இதைக் கேட்டேன். இரண்டு காட்டினார்கள். ஒன்று 280 ரூபாய். இன்னொன்று ஜெர்மன் கம்பெனியுடையது, 1,650 ரூபாய். இரண்டிலும் பத்து, பதினொன்று என்று இரண்டு பக்கமும் நம்பர் இருந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் அண்ணன் தம்பி போலத்தான் இருந்தன. வருடத்துக்கு ஒரு முறை தொடப்போகிற ஸ்பேனருக்கு 1,650 ரூபாயா என்று 280 ரூபாய்க்கே வாங்கி வந்தேன்.

ஞாயிறு காலை நட்டின் மேல் இறக்கினேன். கொஞ்சம் ஆடியது. துருப் பிடித்த நட்டுதானே, தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அழுத்தினேன். ஸ்பேனரின் வாய் கண்ணெதிரே விரிந்தது. நட்டு அசையவில்லை. ஸ்பேனர் திரும்பிவிட்டது, கூடவே நட்டின் இன்னும் இரண்டு முனைகளும் மழுங்கின.

நுணுக்கமாக அளக்கிற வெர்னியரை எடுத்து அளந்தேன். நட்டின் அகலம் 9.8 மில்லிமீட்டர், துரு அவ்வளவு தின்றிருக்கிறது. அதே ஸ்பேனரின் பதினொன்று பக்கத்தை அளந்தால் புதிதாக இருக்கும்போதே 11.35. பத்து பக்கம் விரிந்த பிறகு 10.7. அரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் ஐந்து முனை பிடிக்கிற கதையெல்லாம் இல்லை. வாய் ஸ்பேனரை விட மோசமாகத்தான் பிடிக்கும். விலை வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதை அந்த வெர்னியர் காட்டிக்கொடுத்தது. வளையத்தை வெட்டிய பிறகு அது விரியாமல் இருக்க வேண்டுமென்றால் இரும்பும் நன்றாக இருக்க வேண்டும், சூடேற்றிக் கடினமாக்கிய பதமும் சரியாக இருக்க வேண்டும், வெட்டுக்குப் பக்கத்தில் கனமும் வேண்டும். முழு ரிங் ஸ்பேனரில் சுமாரான இரும்பு கூடத் தாக்குப்பிடிக்கும், வளையமே அதைக் காப்பாற்றும். வளையம் உடைபட்ட ஸ்பேனருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

சாயங்காலம் முதுநகரில் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் போய் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன்.

"தம்பி, இனிமே அந்த நட்ட தொடாதீங்க. நட்டு பைப்போட சேர்ந்து துருப் புடிச்சிருக்கும். நீங்க பலமா திருப்பினா நட்டு வராது, பைப்புதான் முறுக்கிக்கும்."

"அப்ப என்னண்ணே பண்றது?"

"பைப்ப வெட்டிடுங்க. அப்புறம் ஆறு மூலை பாக்ஸ அடிச்சு எறக்கித் திருப்புங்க. புதுசா பைப் போட்டுக்கலாம். ஒரு பைப்புக்குப் போய் ஏன் சிலிண்டரோட மல்லுக்கட்டுறீங்க?"

காஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டிச் சூடாக்கலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார். பிரேக் ஆயில் தீப்பிடிக்கும், பக்கத்தில் ரப்பர் ஹோஸ் வேறு இருக்கிறது.

அப்படியே செய்தேன். பைப்பை நட்டுக்கு ஒட்டி வெட்டியதும் குறுக்கே எதுவும் இல்லை. நட்டின் மேல் தொப்பி போல உட்காருகிற ஆறு மூலை பாக்ஸைச் சுத்தியலால் தட்டி இறக்கி ராச்செட் கைப்பிடி போட்டால், மூன்று மணி நேரம் என்னைப் படுத்திய நட்டு ஒரே இழுப்பில் வந்துவிட்டது. பைப்பை மாற்றுவது என்று ஏற்கனவே முடிவு செய்துவிட்டவர்களுக்கு எந்த விலையிலும் ஃபிளேர் நட் ஸ்பேனர் தேவையில்லை. வெட்டும் கருவியும் பாக்ஸும் போதும்.

எனக்கு ஆன கணக்கு இது. ஸ்பேனர் 280, புது பைப் 240, நனைந்த லைனர் தனி. அந்தப் பைப் கடலூரில் கிடைக்காமல் சொல்லி வைத்து வர நான்கு நாள். அந்த வாரம் முழுக்க சிப்காட்டுக்குப் பஸ்ஸில் ஷிப்ட் போனேன், அதில் ஒரு நாள் இரவு ஷிப்ட். 280 ரூபாய் ஸ்பேனர் எனக்கு 280 ரூபாயில் முடியவில்லை.

மூன்றாவது ஞாயிறு

ஒரு பக்கம் வீல் சிலிண்டர் போனால் மறுபக்கமும் சேர்த்து மாற்றுவதுதான் முறை. இரண்டும் ஒரே வயது, ஒரே தண்ணீரில் நின்றவை. வலது பக்கத்துப் பைப் நல்ல நிலையில் இருந்தது. அதை வெட்ட மனம் வரவில்லை. மறுபடி புதுச்சேரி போய் அந்த 1,650 ரூபாய் ஸ்பேனரை வாங்கினேன். கையில் எடுத்ததுமே எடை தெரிந்தது. வளையத்தின் கனம் பழையதைப் போல ஒன்றரை மடங்கு. கைப்பிடியில் டி.ஐ.என். 3118 என்று பொறித்திருந்தது. வெட்டு விட்ட ரிங் ஸ்பேனருக்கென்றே இருக்கிற ஜெர்மன் தர எண் அது. எண் பொறித்திருப்பதால் மட்டும் நம்பிவிடவில்லை, கடையிலேயே வெர்னியரை வைத்து அளந்தேன். பத்து பக்கம் 10.1. கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. கருவி வாங்கப் போகும்போது வெர்னியரைப் பையில் போட்டுக்கொண்டு போவது இப்போது என் பழக்கமாகிவிட்டது.

இந்த முறை அவசரப்படவில்லை. வெள்ளிக்கிழமையே கம்பி பிரஷ்ஷால் நட்டைச் சுற்றித் தேய்த்து, துருவை இளக்கும் எண்ணெயை விட்டேன். சனிக்கிழமை காலையும் இரவும் மறுபடி. ஞாயிறு காலை நட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் நாலைந்து தட்டு. ஸ்பேனரை முழுதாக இறக்கி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இம்மி. துருவின் பிடி அதில்தான் விடும். அப்புறம் கழற்றும் பக்கம். "டிக்" என்று ஒரு சத்தம். கை நடுங்கிவிட்டது, நட்டு உடைந்ததோ என்று. உடையவில்லை, கழன்றிருந்தது. கால் சுற்று திருப்பி, பைப்பும் கூடச் சுற்றுகிறதா என்று விரலை வைத்துப் பார்த்தேன். இல்லை. முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி வெளியே எடுத்தேன். ஆறு முனையும் முழுதாக இருந்தன. கழற்றிய பிறகு ஸ்பேனரை மறுபடி அளந்தேன். அதே 10.1.

இதில் எண்ணெய்க்கு எவ்வளவு பங்கு, ஸ்பேனருக்கு எவ்வளவு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இடது பக்கம் நான் இவ்வளவு பொறுமையாக எண்ணெய் விடவில்லை. அதனால் 280 ரூபாய் ஸ்பேனரை விரியாத பதினொன்று பக்கம் போட்டு, மெக்கானிக் அண்ணன் கடையில் கிடந்த ஒரு பழைய துருப்பிடிக்காத பதினொன்று நட்டில், வைஸில் வைத்துச் சோதித்தேன். கொஞ்சம் அழுத்தியதுமே வாய் திறக்க ஆரம்பித்தது. நட்டில் துரு இல்லை, ஸ்பேனரின் குறைதான். நல்லதை அதே நட்டில் போட்டு அதே அளவு அழுத்தினேன், ஒன்றும் ஆகவில்லை.

மாட்டும்போது முதல் நாலைந்து சுற்று விரலால்தான் திருப்பினேன். மரை மாறி ஏறிவிட்டால் புது சிலிண்டர் வீண். இந்த நட்டுக்குப் பெரிய பலம் வேண்டாம், 15, 16 நியூட்டன் மீட்டர் பக்கம்தான். பைப்பின் விரித்த முனை இறுகி உட்கார்ந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

ஏர் எடுத்தது

பைப்பைக் கழற்றியதில் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கும் தனிக் கருவி விற்கிறார்கள், கைப்பம்பு வைத்து உறிஞ்சுகிற மாதிரி. அதற்கு ஒரு ரூபாய் கூடச் செலவழிக்கவில்லை. மீன் தொட்டிக்குக் காற்று விடுகிற கண்ணாடி மாதிரி டியூப் ஒரு மீட்டர் 20 ரூபாய்க்கு வாங்கி, ஒரு முனையை, சிலிண்டரில் காற்றை வெளியே விடுகிற நிப்பிளில் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய தண்ணீர் பாட்டிலுக்குள் மூழ்க விட்டேன். மனைவி உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்தாள்.

"மிதி... அப்படியே புடிச்சிக்க."

"புடிச்சிருக்கேங்க."

நிப்பிளைத் திறந்தேன், குமிழி வந்தது, மூடினேன், விடச் சொன்னேன். குமிழி நிற்கும் வரை இதையே திரும்பத் திரும்ப. டியூப் கண்ணாடி போல இருப்பதால் கடைசிக் குமிழி போகிறது வரை தெரிகிறது. பழைய ஆயில் கறுப்பாக வந்து, மெல்ல மெல்லத் தேன் நிறமானது. இதை எல்லாரும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும், எங்களைப் போலக் கடலோரத்தில் இருக்கிறவர்கள் கட்டாயம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்கிற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அது 140 வரை இறங்கிவிடலாம். அந்தத் தண்ணீர்தான் சிலிண்டருக்குள் துருக்குழி போட்டது. ஆயில் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், விட்டால் பெயின்ட் உரியும்.

இன்னும் ஒரு கருவி, பைப் முனையை விரிக்கிற ஃபிளேரிங் கிட். அதை எந்த விலையிலும் வாங்கப்போவதில்லை. பிரேக் பைப் முனையை இரண்டு மடிப்பாக விரிக்க வேண்டும். சரியாக வராவிட்டால் முனையில் மெல்லிய வெடிப்பு விடும், அது தெரியாமல் வண்டியை ஓட்டினால் ஆபத்து. முனை விரித்துத் தயாராக வருகிற பைப் நாலு நாள் காத்திருந்தால் கிடைக்கிறதே.

நான்காவது ஞாயிறு

வண்டியைக் காலி ரோட்டில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்தேன், அப்புறம் கொஞ்சம் வேகத்தில். நேராக நிற்கிறது, பெடல் கெட்டியாக இருக்கிறது. இரண்டு நட்டிலும் காகிதத்தைச் சுற்றி வைத்து ஒரு நாள் கழித்து எடுத்தேன். காய்ந்தே இருந்தது. இரண்டுக்கும் மேலே கிரீஸ் தடவி விட்டேன், அடுத்த முறை கழற்றப்போகிறவன் நான்தானே.

மெக்கானிக் அண்ணன் புது ஸ்பேனரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலையைக் கேட்டதும், "கடைக்காரன் நான், எனக்கு வாரத்துக்கு நாலு வண்டி வரும், எனக்கு இது கட்டும். உங்களுக்குக் கட்டுமா தம்பி?" என்றார். வலது பக்கம் ஒரு பைப்பையும் ஒரு வார பஸ் பயணத்தையும் காப்பாற்றியதே என்றேன். தலையாட்டினார். அப்புறம், முன் பக்க ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்தது) சத்தம் போடுகிறதே, அதையும் நானே பார்க்கலாமா என்று கேட்டேன். அதற்கு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவி வேண்டும். 900 ரூபாய்க்கும் கிடைக்கிறது. அமுக்கிய ஸ்பிரிங்குக்குள் இருக்கிற விசைக்கு, அந்தக் கொக்கி வழுக்கினால் போவது நட்டு முனை இல்லை, கையோ முகமோ.

"அந்த 900 ரூபாய் சாமான மட்டும் வாங்கிடாதீங்க. ஞாயித்துக்கெழம வண்டிய இங்க எடுத்தாங்க, என்னோடதுல மாட்டி நீங்களே கழட்டுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.