சோலாருக்கு நிலம் விடுவதற்கு முன்

விளாத்திகுளம் பக்கம் பத்திரம் எழுதுகிறேன். கொஞ்ச காலமாக என்னிடம் சோலார் கம்பெனிகளுக்கு நிலம் விடும் குத்தகை ஒப்பந்தங்கள் அடிக்கடி வருகின்றன. கரிசல் காட்டில் உளுந்தும் கம்பும் விதைத்து, மழை ஏமாற்றினால் விதைக்காசும் போய் நிற்கிறவர்களுக்கு வருஷா வருஷம் பணம் வருவது நல்ல விஷயம்தான். ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போட யாரையும் நான் விடுவதில்லை.

விவசாயிகளுக்கான மத்திய அரசின் சோலார் திட்டமான குசும் 2019இல் வந்தது. அதன் முதல் பிரிவில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையான சின்ன சோலார் மின் நிலையங்கள் அமைக்கலாம். துணை மின் நிலையத்துக்கு 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் தரிசு நிலம் என்றால் நல்லது. ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் பிடிக்கும். விவசாயிகளோ கூட்டுறவுச் சங்கமோ பஞ்சாயத்தோ சொந்தமாகவே அமைக்கலாம். முதல் போட முடியாதவர்கள் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடலாம். அப்படி விட்டால், மின்சாரத்துக்காகக் கம்பெனிக்குத் தர வேண்டிய தொகையிலிருந்து மின் வாரியமே குத்தகையைப் பிடித்து நேரே தன் கணக்கில் போடும்படி விவசாயி கேட்டு வாங்கலாம் என்கிறது விதி. இது பெரிய பாதுகாப்பு. நிலம் கேட்டு வருகிற எல்லாருமே இந்தத் திட்டத்தில் வருவதில்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

அப்புறம் தொகை. மகாராஷ்டிராவில் விவசாய மின்சாரத்துக்காக நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கும் திட்டத்தில் ஹெக்டேருக்கு வருஷம் 1.25 லட்சம், ஆண்டுக்கு 3 சதவீத உயர்வு என்று அரசே அறிவித்திருக்கிறது. ஏக்கருக்கு சுமார் 50,000. இங்கே 25 வருஷத்துக்கும் ஒரே தொகை என்று எழுதிக்கொண்டு வந்து நீட்டுகிறார்கள்.

சமீபத்தில் ஓர் ஒப்பந்தத்தில் ‘மின் உற்பத்தி தொடங்கும் நாள் முதல் குத்தகை’ என்று இருந்தது. நிலக்காரர் கேட்டார்: “அது எப்பத் தொடங்கும் தம்பி?” பக்கம் பக்கமாகத் தேடினேன், எங்கேயும் தேதி இல்லை. “அண்ணாச்சி, அதுவரைக்கும் நீங்க உழவும் முடியாது, விக்கவும் முடியாது” என்றேன். பதிவான நாள் முதல் பாதிக் குத்தகை, ஒன்றரை வருஷத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்று மாற்றிய பிறகுதான் கையெழுத்தானது. கம்பெனிக்காரர்கள் கேட்டால் மாற்றிக் கொடுக்கத்தான் செய்கிறார்கள். கேட்க ஆள் வேண்டும்.

வங்கிக் கடனுக்காகக் குத்தகை உரிமையைக் கம்பெனி அடமானம் வைக்கும், அது வழக்கம். நிலம் அடமானத்துக்குள் வராது என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். காலம் முடிந்ததும் கம்பிக்கால்களையும் கான்கிரீட்டையும் யார் செலவில் எடுப்பது என்பதையும் எழுதி வாங்குங்கள். கூட்டுப் பட்டா என்றால் கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளின் கையெழுத்தும் வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்தே ஆக வேண்டும். நோட்டரி கையெழுத்து போதாது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேலிதான். நாலு ஏக்கரைச் சுற்றிக் கம்பி வேலி விழுந்தால் பின்னால் இருப்பவரின் வண்டிப் பாதை போகும், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஓடை அடைபடும், ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிடை போட வரும் கீதாரிகளுக்கு வழி இருக்காது. இதெல்லாம் ஒப்பந்தத்தில் வராது, ஏனென்றால் அவர்கள் யாரும் கையெழுத்துப் போடுகிறவர்கள் இல்லை. நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புல வரைபடம் இணையத்திலேயே கிடைக்கிறது. அதை எடுத்துக்கொண்டு, பக்கத்து நிலக்காரர்களையும் கூட்டிக்கொண்டு எல்லையைச் சுற்றி நடந்து, பாதையையும் ஓடையையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அவற்றை விட்டு வேலி போட வேண்டும் என்று சர்வே எண்ணோடு சொத்து விவரத்திலேயே எழுதித் தருகிறேன்.