வெள்ளைக் காலனியில் சிவப்புப் பரு

லாக் ஆபரானை, அதாவது ஈ.கோலை பாக்டீரியா லாக்டோஸைப் பயன்படுத்த உதவும் மரபணுக் கூட்டத்தை, வருஷா வருஷம் வகுப்பில் நடத்துகிறேன். விளக்கியவர்கள் ஜேக்கப், மோனோ, 1961. ரெப்ரஸர் என்ற தடுப்புப் புரதம் டிஎன்ஏமேல் வந்து உட்கார்ந்தால் மரபணு அடங்கும், லாக்டோஸ் வந்தால் ரெப்ரஸர் எழுந்து போகும், மரபணு வேலை செய்யும். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது, பரீட்சைக்கும் தோதான பாடம். எனக்கு இருக்கிற ஒரே குறை, போர்டில் நான் போடும் அந்த நேர்கோடு. டிஎன்ஏ என்றால் ஒரு கோடு, அதில் வரிசையாகக் கட்டங்கள். மூன்று வருஷம் மைக்ரோபயாலஜி படித்துவிட்டுப் போகிறவர்கள் மனதிலும் அந்தக் கோடுதான் மிஞ்சுகிறது.

ஈ.கோலையின் குரோமோசோம் ஒரு வளையம். ஏறக்குறைய 46 லட்சம் கார இணைகள், அதாவது டிஎன்ஏ எழுத்து ஜோடிகள். அறுத்து நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டர் வரும்; செல்லின் நீளமோ இரண்டு மைக்ரோமீட்டர் சொச்சம்தான். மடித்து, முறுக்கி, புரதங்களால் பிடித்துக் கட்டினால்தான் உள்ளே கொள்ளும். இந்தக் கட்டுமானம் வெறும் இடப் பிரச்சினைக்கான தீர்வு என்றுதான் நானும் எம்எஸ்சி வரை படித்தேன்.

ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகு பிஜிஎல் ஆபரான் அறிமுகமானது. வில்லோ மரப்பட்டையில் இருக்கும் சாலிசின் என்ற பொருளை உடைத்துச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளத் தேவையான மரபணுக்கள் இவை. சாதாரண ஈ.கோலையிடம் எல்லாம் பழுதில்லாமல் இருக்கின்றன. இருந்தும் பயன்படுத்தாது. சாலிசினைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் அசையாது. லாக் ஆபரானை மட்டும் படித்தவளுக்கு இது பெரிய எரிச்சல்: உணவு இருக்கிறது, மரபணு இருக்கிறது, பிறகென்ன?

லாக்டோஸ் இல்லாத மெக்கான்கி அகார் என்ற வளர்ப்பு ஊடகத்தில் சாலிசின் சேர்த்து, அதன்மேல் ஈ.கோலையைக் கோடாக இழுத்தால் மறுநாள் வெளிறிய காலனிகள் (செல் கூட்டங்கள்) வரும். தூக்கிப் போடாமல் இன்குபேட்டரிலேயே விட்டுவைக்க வேண்டும். சில நாள் கழித்துப் பார்த்தால், சப்பையாகிப் போன அந்த வெள்ளைக் காலனியின் முதுகில் குண்டூசித் தலையளவுக்குச் சிவப்பாக ஒரு பரு எழும்பியிருக்கும். பக்கத்துக் காலனியில் இரண்டு. சுற்றிலும் மற்ற செல்கள் பட்டினியில் கிடக்க, ஏதோ ஒரு செல்லில் பூட்டு திறந்து, அதன் சந்ததி சாலிசினைத் தின்று அமிலம் விட்டிருக்கிறது. ஊடகத்திலுள்ள நியூட்ரல் ரெட் சாயம் சிவந்தது அதனால்தான். பருவை மட்டும் குச்சியால் தொட்டு எடுத்து வேறு பிளேட்டில் இழுத்தால் முழுக் காலனியும் சிவப்பாகவே வரும்.

அந்தச் செல்லில் என்ன நடந்தது? பெரும்பாலும் ஐஎஸ்1 அல்லது ஐஎஸ்5 என்ற தாவும் டிஎன்ஏ துண்டு புரமோட்டருக்கு (மரபணுவை வேலைசெய்யத் தொடங்கவைக்கும் டிஎன்ஏ பகுதிக்கு) அருகே போய் விழுந்து, அங்கிருந்த புரதப் பிடியைக் குலைத்திருக்கும். சில சமயம் ஆபரானில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. மாற்றம் வெகு தூரத்தில், குரோமோசோம் வரைபடத்தின் 27ஆம் நிமிடத்தில் இருக்கும். (ஈ.கோலையின் வரைபடத்தை நிமிடத்தில்தான் அளப்பார்கள், மொத்தம் 100. இணைவின்போது மரபணுக்கள் ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச்சேரும் நேரத்தை வைத்து வந்த கணக்கு.)

எனக்கு மிகவும் பிடித்த கதை அந்த 27ஆம் நிமிடம். சாலிசின்காரர்கள் அந்த மரபணுவுக்கு பிஜிஎல்ஒய் என்று பெயர் வைத்தார்கள். உப்புச் செறிவை ஆராய்ந்தவர்கள் ஆஸ்ம்இசட் என்றார்கள். செல்லின் மேலுள்ள பிலி இழைகளைப் பார்த்தவர்கள் பில்ஜி, டிஆர்டிஎக்ஸ் என்றார்கள். சீதபேதிக் கிருமியான ஷிகெல்லாவில் நோய் உண்டாக்கும் மரபணுக்களைத் தேடியவர்கள் விர்ஆர் என்றார்கள். கடைசியில் எல்லாம் ஒரே மரபணு, எச்-என்எஸ். அதன் புரதம் டிஎன்ஏவைக் கட்டிவைக்கிற ஆள். அதைக் கெடுத்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இத்தனை விஷயங்கள் ஒருசேர அவிழ்கின்றன.

எச்-என்எஸ் எதைத் தேடிக் கட்டுகிறது? வளைந்த, ஏடி மிகுந்த டிஎன்ஏவை. (டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஏ-டி ஒரு ஜோடி, ஜி-சி இன்னொரு ஜோடி.) 2006இல் சால்மோனெல்லா என்ற குடல்நோய்ப் பாக்டீரியாவை வைத்து இரண்டு குழுக்கள் இதைத் தெளிவாகக் காட்டின. அதன் டிஎன்ஏவில் ஜிசி ஏறக்குறைய 52 சதவீதம். வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட மரபணுக்களில் ஏடி கூடுதல், நோய்க்குக் காரணமான பலவும் இந்த வகைதான். எச்-என்எஸ் அவற்றைப் பார்த்துப் பார்த்து வாயடைக்கிறது. அதை நீக்கினால் சால்மோனெல்லா தனியாகத் தாக்குப்பிடிக்காது, இன்னொரு மரபணுவும் கெட்டிருந்தால்தான் பிழைக்கிறது. ஷிகெல்லா ஒருபடி மேலே போய் இந்தப் பிடியையே வெப்பமானியாக வைத்திருக்கிறது. பிளாஸ்மிட்டில் (குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் தனி டிஎன்ஏ வளையத்தில்) உள்ள விர்எஃப் மரபணுவின் புரமோட்டர் டிஎன்ஏ சுமார் 32 டிகிரிக்குக் கீழே வளைந்திருக்கும், எச்-என்எஸ் இறுகப் பிடித்திருக்கும். 37இல், அதாவது நம் குடலுக்குள், வளைவு நிமிர்ந்து பிடி தளர்கிறது.

முறுக்கும் ஒரு கட்டளைதான். ஊஞ்சல் கயிற்றைச் சுற்றிவிட்டால் தனக்குள்ளேயே சுருண்டுகொள்ளுமே, அதுபோல டிஎன்ஏவைச் சுருட்டுவது கைரேஸ் என்ற நொதி. மார்ட்டின் கெல்லர்ட் குழு 1976இல் கண்டுபிடித்தது. (சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை போய் அடிப்பது இதைத்தான்.) முறுக்கு குறைந்தால் பல மரபணுக்கள் சோம்பும், ஆனால் கைரேஸின் சொந்த மரபணுக்கள் மட்டும் அப்போதுதான் சுறுசுறுப்பாகும். ரெப்ரஸரே வேண்டாம், டிஎன்ஏவின் நிலைமையே சேதி.

சரி, ஒரே மரபணுவை, ஒரே புரமோட்டரோடு, குரோமோசோமில் வேறு வேறு இடத்தில் வைத்தால்? பர்மிங்காமில் ஸ்டீவ் பஸ்பியும் சகாக்களும் லாக் புரமோட்டரோடு ஒளிரும் புரதத்தின் மரபணுவை இணைத்து ஈ.கோலையின் பல இடங்களில் செருகிப் பார்த்தார்கள். 2014இல் வெளிவந்த முடிவு: இடத்துக்கு இடம் சுமார் 300 மடங்கு வரை வித்தியாசம். நாம் வகுப்பில் கொண்டாடும் அதே லாக் புரமோட்டர்!

இடத்தின் விளைவு எச்-என்எஸ் மாதிரியான கட்டுகளால் மட்டும் வருவதில்லை. செல் பிரிவதற்காக நடக்கும் டிஎன்ஏ நகலெடுப்பு தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மரபணுவுக்கு முதலில் இரண்டாவது பிரதி கிடைக்கும், எதிர்முனையில் இருப்பதற்குக் கடைசியில். ஈ.கோலையின் ஏழு ரைபோசோம் (புரதம் செய்யும் உறுப்பு) ஆர்என்ஏ ஆபரான்களில் பெரும்பாலானவை தொடக்கத்தை ஒட்டி இருப்பது வேகமாக வளரும் செல்லுக்கு லாபம்.

பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா இதே கணக்கை வேறொன்றுக்குப் பயன்படுத்துகிறது. பட்டினி வந்தால் அது ஸ்போராக (கஷ்ட காலத்தைத் தாங்கும் உறங்குநிலைச் செல்லாக) மாறும், அதற்கு முழுதாக முடிந்த இரண்டு குரோமோசோம் வேண்டும், தாய்ச் செல்லுக்கு ஒன்று, ஸ்போருக்கு ஒன்று. நகலெடுப்பு முடிந்ததா என்று எப்படித் தெரியும்? எஸ்பிஓ0எஃப் மரபணு தொடக்கத்தின் அருகே, கைன்ஏ முடிவின் அருகே. நகலெடுப்பு ஓடும்வரை முன்னதற்கு இரண்டு பிரதி, பின்னதற்கு ஒன்று. எண்ணிக்கையில் மிஞ்சிய 0எஃப் புரதம் கைன்ஏவை அடக்குகிறது. நகலெடுப்பு முடிந்ததும் விகிதம் சமமாகி ஸ்போருக்கான சமிக்ஞை ஒரு துடிப்பாக எழுகிறது. 2015இல் 0எஃப்-ஐ மட்டும் பெயர்த்து முடிவுப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். புரதம் அதேதான். துடிப்பு மட்டும் நின்றுவிட்டது.