அம்மாயியின் மூக்கு

நேற்று ராத்திரி, கோபியில் அம்மாயி வீடு. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போய் லைட் போடக் கை நீட்டினேன். "சுவிச்சைத் தொடாத சாமி, கேஸ் நாத்தம் அடிக்குது!" எனக்குச் சளி, ஒன்றும் தெரியவில்லை. இருட்டிலேயே ரெகுலேட்டரை மூடிவிட்டுப் புழக்கடைக் கதவைத் திறந்து வைத்தோம். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். ஜன்னல் மட்டும் பத்தாது. ஃபேனும் போடக்கூடாது.

காலையில் பார்த்தால் ஆரஞ்சு டியூபில் எலிப்பல் தடம். அதில் அச்சடித்திருந்த வருஷம் 2017! ஐந்து வருஷத்தில் மாற்றியிருக்க வேண்டியது. நோம்பிக்கு நோம்பி சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம், டியூபை யார் பார்த்தோம்?

புதுசு மாட்டியாச்சு. கேஸ் கசிந்தால் கூப்பிட 1906 என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

"எழுத்து பொடிசா இருக்குது கண்ணு" என்றார் அம்மாயி.