அட்டவணையில் முதல் வரி தூக்கம்: குரூப் 4-க்குப் படிப்பவர்களுக்கு

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4-க்குப் படிக்கிறேன் என்று யாராவது வந்து சொன்னால், ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். கட் ஆஃப் எவ்வளவு வரும் என்று கேட்க வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் 2022 தேர்வை எழுதி இப்போது இளநிலை உதவியாளராக வேலை பார்க்கும் எனக்கு, சொல்ல வேண்டியவற்றில் முக்கியமானது இதுதான் என்று தோன்றுகிறது.

நாங்கள் காத்திருந்த காலத்தைப் பாருங்கள். 2019 செப்டம்பரில் ஒரு குரூப் 4 நடந்தது. கொரோனாவால் அடுத்தது 2022 ஜூலை 24-ஆம் தேதிதான். அதற்கு ரிசல்ட் வந்தது 2023 மார்ச் 24-இல். 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வு அது. இப்போது தேர்வுகள் சீக்கிரம் வருகின்றன, நல்லதுதான். ஆனாலும் முதல் தடவையே கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. “வேலை கிடைக்கட்டும், அப்புறம் நிம்மதியாத் தூங்கிக்கலாம், சாப்பிட்டுக்கலாம்” என்று இருந்தால், இருபதுகளில் இரண்டு மூன்று வருஷம் அப்படியே போய்விடும். படிக்கிற காலமும் நம் ஆயுளில் சேர்ந்ததுதானே.

அதனால் அட்டவணை போடும்போது தூக்கத்தை முதலில் எழுதுங்கள், ஏழு மணி நேரம் குறையாமல். அடுத்து சாப்பாடு, நடை, வீட்டு வேலை. மிச்சம் இருப்பதுதான் படிப்பு நேரம். கல்யாணமான பெண்களுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கும் அது நான்கைந்து மணி நேரம்தான் வரும். பயப்படாதீர்கள், அது போதும்.

ஏன் போதும் என்றால், இந்தத் தேர்வின் தரம் பத்தாம் வகுப்பு. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. ஆறாம் வகுப்பிலிருந்து வரும் சமச்சீர் புத்தகங்களில் புரியாத பாடம் அநேகமாக ஒன்றும் இருக்காது. கஷ்டமெல்லாம் நினைவில் நிறுத்துவதில்தான். படித்தது மூளையில் தங்குவதற்குத் தூக்கம் வேண்டும் என்பது அறிவியல் நன்றாக ஆராய்ந்து சொன்ன விஷயம். தூக்கத்தைக் குறைத்துப் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். சங்க நூல்களின் அடிவரையறையை, அதாவது ஒரு பாட்டுக்கு எத்தனை அடி என்ற கணக்கை, எடுத்துக்கொள்ளுங்கள். ஐங்குறுநூறு 3 முதல் 6, குறுந்தொகை 4 முதல் 8, நற்றிணை 9 முதல் 12, அகநானூறு 13 முதல் 31. ராத்திரி ஒரு மணிக்குக் கண் எரிய எரிய இதைப் பத்து தடவை படித்தாலும், காலையில் குறுந்தொகையும் ஐங்குறுநூறும் ஒன்றோடொன்று குழம்பி நிற்கும். அதையே ஒன்பது மணிக்கு இரண்டு தடவை படித்து, புத்தகத்தை மூடி ஒரு ரஃப் தாளில் எழுதிப் பார்த்து, பத்துக்குப் படுத்துவிடுங்கள். காலையில் பல் தேய்க்கும்போது மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

மூடி வைத்து எழுதிப் பார்ப்பது நேரத்தையும் மிச்சப்படுத்தும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள்தான் நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததைத் தாங்களே நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நமக்கு வேண்டியது அந்த ஒரு வாரத்துக்கு அப்புறம் இருப்பதுதான். மறுநாள் ஒரு ரிவிஷன், வாரக் கடைசியில் ஒன்று, மாசக் கடைசியில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் பதினான்கு மணி நேரம் உட்கார வேண்டிய தேவையே வராது.

அந்தப் பதினான்கு மணி நேரக் கணக்கை டெலிகிராம் குரூப்களில் தினமும் யாராவது போடுவார்கள். அந்த குரூப்களை மியூட்டில் போடுங்கள். வந்து குவியும் பிடிஎஃப்களைச் சேர்த்து வைப்பதால் ஒரு மதிப்பெண்ணும் கூடாது. பழைய வினாத்தாள், சமச்சீர் புத்தகம், நடப்பு நிகழ்வுகளுக்கு மாதம் ஒரு தொகுப்பு, இதற்கு மேல் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

உடம்பைப் பற்றி, குறிப்பாகப் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நூலகத்தில் கழிப்பறை சரியில்லை என்பதற்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் படிக்கும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாட்டிலைக் கொண்டு வருவார்கள், மூடியைத் திறக்க மாட்டார்கள். நீர்க்கடுப்பு, தலைவலி, காய்ச்சல் என்று அப்புறம் ஒரு வாரமே போய்விடும். பாதி நாள் நூலகம், பாதி நாள் வீடு என்று பிரித்துக்கொள்ளுங்கள். அல்லது நான்கைந்து பேர் சேர்ந்து நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். கேட்டால் செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் புதுப் பாடம் எடுக்காமல் பழைய வினாத்தாளை மட்டும் பார்த்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

எல்லாரிடமும் நான் வற்புறுத்துவது தட்டச்சு வகுப்பு. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தேர்ச்சி இருந்தால் தட்டச்சர் பணியிடத்துக்கும் வழி திறக்கும். அதைவிட, அந்த ஒரு மணி நேரம் விரல் வேலை செய்யும், மனசு ஓய்வெடுக்கும். வீட்டை விட்டு வெளியே போய் நாலு பேரைப் பார்த்த மாதிரியும் இருக்கும். குரூப் 4 கைகூடாமல் போனாலும் அந்தச் சான்றிதழ் கையில் இருக்கும். எத்தனை தடவை எழுதுவது, அதுவரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்பதையும் ஆரம்பத்திலேயே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள். “இன்னும் முடியலையா?” என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது வீட்டில் இருப்பவர்கள் உங்களுக்காகப் பதில் சொல்வார்கள். கல்யாணம், காதுகுத்து என்று நெருங்கியவர்கள் வீட்டு விசேஷத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் போய்ச் சாப்பிட்டு, சிரித்துப் பேசிவிட்டு வாருங்கள்.

கடைசி ஒரு மாதம் மாதிரித் தேர்வைக் காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரைக்குள் எழுதுங்கள். உண்மையான தேர்வும் அந்த நேரத்தில்தான். கருப்புப் பால்பாயிண்ட் பேனாவால் ஓஎம்ஆர் தாளில் வட்டத்தை நிரப்பியே பழகுங்கள். ராத்திரி விழித்துப் படித்தே பழகியவர்களுக்கு அந்தக் காலை நேரத்தில் மூளை மந்தமாக இருக்கும். முந்தின நாள் ஹால் டிக்கெட்டையும் பேனாக்களையும் எடுத்து வைத்துவிட்டு, புத்தகத்தைச் சாயங்காலத்தோடு மூடிவிடலாம்.

தேர்வு முடிந்த அன்றைக்கே ஆளுக்கொரு ஆன்சர் கீ சுற்ற ஆரம்பிக்கும். அதைப் பார்க்க வேண்டாம், தேர்வாணையத்தின் தற்காலிக விடைக்குறிப்பு வரட்டும். அதில் தவறு இருந்தால் அவர்கள் சொல்லும் நாட்களுக்குள் ஆட்சேபணை பதிவு செய்யுங்கள். ரிசல்ட்டுக்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை நூலகத்துக்கு வாரத்தில் மூன்று நாள் போனால் போதும், தட்டச்சு வகுப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.