ஓட்டு மட்டும் சைதாப்பேட்டையில்

சைதாப்பேட்டையில் நான் பாடம் நடத்தும் பள்ளிதான் தேர்தல் நாளில் வாக்குச்சாவடி. வாக்காளர் பட்டியலில் அந்தச் சாவடிக்கு உரிய பாகத்துக்கு நான்தான் பி.எல்.ஓ., வாக்குச்சாவடி நிலை அலுவலர். ஆறு வருடமாகப் பார்க்கும் வேலை. ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் ஆசிரியர் அறையில் அதே பேச்சு வரும்: "மெட்ராஸ்காரங்களுக்கு ஓட்டுப் போடச் சோம்பேறித்தனம்." 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலுக்கு அப்புறமும் வந்தது. மாநிலம் முழுக்க 69.72 சதவீதம், தர்மபுரியில் 81-க்கு மேல், எங்கள் தென் சென்னையில் வெறும் 54.17. எண்ணை மட்டும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த மாதம் பூத் சிலிப் கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கியது நான். என்னால் அந்தப் பேச்சில் சேர முடியவில்லை.

கொடுத்தது போக ஒரு பெரிய கட்டு என் பையிலேயே திரும்பி வந்தது. வாடகை வீடு மாறிப் போனவர்கள், கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பெண்கள், வேலைக்காகப் பெங்களூரு போன பையன்கள். இறந்தவர்களும் இருந்தார்கள். ஒரு வீட்டில் ஓர் அம்மா, கணவர் பெயர் அச்சாகியிருந்த சிலிப்பை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் போய் மூன்று வருடம். பெயரை நீக்கப் படிவம் 7 எழுதித் தர வேண்டும் என்றேன். "ரேஷன் கார்டுல எடுத்தாச்சு, கேஸ் புக்குல எடுத்தாச்சு. இதுலயாவது இருக்கட்டுமே டீச்சர்" என்றார். அன்றைக்கு அந்தப் படிவத்தைப் பையிலிருந்து எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை. அவர் கணவரும் அந்த 54 சதவீதக் கணக்கில் ஓட்டுப் போடாதவர்தான்.

சரி, ஊரில் இருந்துகொண்டே வராதவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். 2022 பிப்ரவரி மாநகராட்சித் தேர்தலில் சென்னை 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. குப்பை, குடிநீர், தெருவிளக்கு எல்லாம் முடிவாகிற தேர்தல் அது. அன்று முழுக்க உதவி மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். குடிசைப் பக்கத்துப் பெண்கள் காலையிலேயே சமையலை முடித்துவிட்டுக் கூட்டமாக வந்தார்கள். மதியத்துக்கு மேல் கட்சிக்காரர்கள் பட்டியலில் டிக் விழாத பெயர்களைப் பார்த்து, அந்தச் சந்துகளுக்குப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "லட்சுமிக்கா, இன்னும் வரலையா?" என்று வாசலில் ஒருவர் வந்து நின்றால் யாருக்கும் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க மனம் வராது.

அடுக்குமாடிப் பக்கம் அப்படிக் கூப்பிட ஆள் போவதில்லை. கேட்டிலேயே செக்யூரிட்டி நிறுத்திவிடுவார். அரசு அடையாள அட்டையோடு போகும் என்னையே, இன்டர்காமில் யாராவது எடுத்தால்தான் உள்ளே விடுவார்கள். எந்தக் கட்சியும் தேடி வராத வீடுகளில், தேர்தல் என்பது டிவியில் நடக்கிற விஷயமாகிவிடுகிறது. வராதவர்களை மட்டும் குறை சொல்வதில் எனக்குச் சம்மதம் இல்லை.

அங்கே ஒரு பெரியவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "இந்த ஏரியா யாருக்குன்னு ஏற்கெனவே முடிவாயிடுச்சு மேடம். நான் போட்டு என்ன மாறப் போகுது?" அரசு ஊழியர் கட்சி பேசக் கூடாது, "வந்து போடுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். ஆனால் படியிறங்கும்போது மனதுக்குள் கணக்கு ஓடியது. 2011-ல் சென்னையின் 16 சட்டமன்றத் தொகுதிகளில் 14 அதிமுக அணிக்குப் போனது. 2021-ல் 16-ம் திமுக அணிக்கு. பத்தே வருடம், அதே தெருக்கள். யாருடைய கோட்டை என்று சொல்வது? அவர் வீட்டுக்குள்ளேயே அப்பா ஒரு கட்சி, மகள் வேறு கட்சி என்று அவர்கள் பேச்சிலிருந்தே தெரிந்தது. எதுவும் முடிவாகிவிடவில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு அத்தனை ஆசையாக இருந்தது.

என் பாகத்தில் எனக்கு மிகவும் பிடித்த வாக்காளர் ஒரு பூக்காரம்மா. அடையாற்றங்கரையில் இருந்த அவர் வீடு, 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இல்லை. பெரும்பாக்கத்தில் வாரியக் குடியிருப்பில், எட்டு மாடிக் கட்டடத்தில் வீடு கொடுத்தார்கள். ஓட்டை மட்டும் அவர் மாற்றவில்லை. 2024-ல் இரண்டு பஸ் பிடித்து வந்து வெயிலில் வரிசையில் நின்றார். ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். "இங்க என் ஓட்டு இருக்கிற வரைக்கும் நான் இந்த ஊருக்காரி டீச்சர். அங்க என்னை யாருக்குத் தெரியும்?"

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் படிவம், ஆள் இல்லாவிட்டால் மூன்று முறை போக வேண்டும், இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலில் பெயர் தேட வேண்டும். பள்ளி முடிந்து இரவு வரை அலைந்தேன். டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. சென்னையில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். பட்டியல் சுத்தமாக வேண்டும் என்று நானே பல வருடம் புலம்பியிருக்கிறேன். அடுத்த தேர்தலில் சதவீதம் தானாகவே ஏறும், மேடையில் பெருமையாகவும் சொல்வார்கள். ஆனால் ஆற்றங்கரையில் வீடே இல்லாத அந்தக் கதவு எண்ணுக்கு நேராக 'இடம்பெயர்ந்தவர்' என்று குறித்த கை என்னுடையது.

சிறப்பு முகாம் அன்று பூக்காரம்மா பள்ளிக்கு வந்தார். பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ நானே எழுதித் தந்தேன். முகவரிக் கட்டத்துக்கு வந்ததும், "சைதாப்பேட்டைன்னே போட முடியாதா?" என்றார். இப்போது குடியிருக்கும் வீட்டைத்தான் எழுத வேண்டும் என்றேன். பிளாக் எண்ணும் கதவு எண்ணும் ஒவ்வொன்றாகச் சொன்னார். இதை அங்கே உள்ள பி.எல்.ஓ.விடம்தான் கொடுக்க வேண்டும் என்று விளக்கி, அவருடைய செல் நம்பரைத் தேடிப் பிடித்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சீட்டைச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, "அவங்களும் டீச்சரா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அப்போதே, அவர் எதிரிலேயே, அந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.