லீவு வேறு, ஹாலிடே வேறு, ஆப்சென்ட் வேறு

“ஐ ஆம் லீவ் டுடே.” அலுவலக வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் கண்ணில் படும் வாக்கியம். “நான் இன்னிக்கு லீவு” என்பது நல்ல தமிழ்ப் பேச்சு. ஆங்கிலத்தில் அது நிற்காது. “ஐ ஆம் ஆன் லீவ் டுடே” என்று எழுத வேண்டும்.

‘ஆன்’ சேர்க்கணும் என்று மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது, அடுத்த வாக்கியத்தில் வேறு தப்பு வரும். லீவ் என்ற பெயர்ச்சொல்லின் அடிப்படைப் பொருள் அனுமதி. ‘விட்டுப் போ’ என்ற வினைச்சொல் வேறு வேரிலிருந்து வந்தது. இன்று இரண்டும் ஒரே எழுத்து, ஒரே ஒலி. தமிழில் ‘விடை கொடுங்கள்’ என்பதும் போக அனுமதி கேட்பதுதானே? ‘டேக் லீவ் ஆஃப்’ என்பதற்கு ‘விடைபெறு’ அவ்வளவு அழகாகப் பொருந்துவது அதனால்தான்.

அனுமதி என்பதால் லீவ் ஆளுக்குத்தான், நாளுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ இல்லை. மழைக்காகக் கலெக்டர் அறிவிப்பது ஹாலிடே. “டுமாரோ இஸ் லீவ்” தப்பு, “டுமாரோ இஸ் எ ஹாலிடே” சரி. அரசு அலுவலகத் தமிழ் இதைச் சுத்தமாகப் பிரித்து வைத்திருக்கிறது: தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, மகப்பேறு விடுப்பு ஒரு பக்கம்; பொங்கல் விடுமுறை மறுபக்கம். பேச்சில் இரண்டையும் லீவு என்றே சொல்வதால்தான் ஆங்கிலத்திலும் குழம்புகிறது. (பிரிட்டனில் ஒருவர் சொந்தமாக ஊர்சுற்றப் போனாலும் ‘ஆன் ஹாலிடே’ என்பார்கள், அது தனி வழக்கு.)

அனுமதியை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. ஆகவே “டூ லீவ்ஸ்” வேண்டாம். நம் அலுவலகங்களில் புரிந்துகொள்வார்கள், வெளிநாட்டுக்காரருக்கு இரண்டு இலை என்றுதான் முதலில் தோன்றும். “டூ டேஸ் ஆஃப் லீவ்” என்று எழுதுங்கள். கடிதத்தில் “ஐ வாண்ட் லீவ்” முரட்டுத்தனமாக ஒலிக்கும். “கைண்ட்லி கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்” சரி: அனுமதியைத்தானே ‘கிராண்ட்’ செய்ய முடியும்?

ஆப்சென்ட் என்பது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாதது. அனுமதி இருந்ததா என்று அந்தச் சொல் சொல்லாது. அதனால்தான் ராணுவத்தில் ‘ஆப்சென்ட் வித்தவுட் லீவ்’ என்று நீட்டிச் சொல்கிறார்கள். 1950-ஆம் ஆண்டின் இந்திய ராணுவச் சட்டத்தில் 39-ஆம் பிரிவே இந்தக் குற்றத்துக்கானது. விடுப்பு முடிந்தும் தக்க காரணமின்றித் திரும்பாதவரும் அதில் அடக்கம்.

பள்ளிக்கூடத்தில் அதிகம் பார்ப்பது “ஹி ஆப்சென்ட் டுடே”. ஆப்சென்ட் இங்கே உரிச்சொல், ‘இஸ்’ இல்லாமல் வராது. எங்கே இல்லை என்று சொல்ல ‘ஃப்ரம்’ வேண்டும்: “ஹி வாஸ் ஆப்சென்ட் ஃப்ரம் கிளாஸ்.” ‘ஆப்சென்ட் போட்டுட்டார்’ என்பதற்கு “மார்க்ட் மீ ஆப்சென்ட்”, ‘புட் ஆப்சென்ட்’ இல்லை. உரிச்சொல்லில் அழுத்தம் முதல் அசையில். ‘ஆப்சென்ட் ஒன்செல்ஃப்’ என்று வினையாக வந்தால் இரண்டாம் அசைக்குப் போகும். ஆனால் அன்றாடப் பேச்சில் அது அரிது, வலிந்து பயன்படுத்த வேண்டியதில்லை.

தானியங்கி மின்னஞ்சல் பதிலில் ஒன்றைக் கவனியுங்கள். “ஆன் லீவ் டில் வெட்னஸ்டே” என்றால் புதனன்று இருப்பீர்களா, மாட்டீர்களா என்று படிப்பவர் தடுமாறுவார். “ஐ வில் பி பேக் ஆன் தர்ஸ்டே” என்று திரும்பும் நாளையே எழுதிவிடுங்கள், தேதியோடு.